கிணறு போன்றது பேட்டரி

புத்தலப்பட்டில் தொடங்கும் நெடுஞ்சாலை திருப்பதி, ரேணிகுண்டா, ஸ்ரீகாளஹஸ்தி வழியாக நாயுடுபேட்டை போய்ச் சேர்கிறது. அங்கே சென்னை–கொல்கத்தா சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால் சூலூர்பேட்டை. அதற்குக் கிழக்கே, ஸ்ரீஹரிகோட்டா வரை விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி அது. பெயர் தமிழ்நாட்டு ஊருடையது என்றாலும் நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில், 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

சாலையின் ஒரு முனையில் ஏரி. மறு முனையில், வருடத்தில் பாதி நாள் மழையை எதிர்பார்த்து நிற்கும் சித்தூர்ச் சீமை. அந்த வறண்ட முனையில்தான் பேட்டரி பிறக்கிறது. புத்தலப்பட்டு சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் பங்காருபாளையம் மண்டலத்தில் அமர ராஜா நிறுவனத்தின் பெரிய பேட்டரி ஆலைகள் உள்ளன. சித்தூர் மாவட்டத்துக்காரரான கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் தொடங்கிய நிறுவனம் அது. திருப்பதியை அடுத்த கரக்கம்பாடியில் வேரூன்றிப் பிறகு இங்கும் பரவியது. நாட்டின் மூலை முடுக்கெல்லாம் காரிலும் இன்வெர்ட்டரிலும் உட்கார்ந்திருக்கும் அமரான் பேட்டரியின் தாய்வீடு இந்த மண்.

அந்த முனையில் செய்த பேட்டரியை இந்த முனையில் ஒரு சிறு படகில் ஏற்றி, மின்மோட்டார் பூட்டி ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பேட்டரியை வாங்குவது, எப்படி இணைப்பது, எவ்வளவு தூரம் போகும், எத்தனை வருடம் உழைக்கும்? இந்த நான்கு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பதை விட்டுவிட்டுக் கிணறு என்று நினைக்கத் தொடங்க வேண்டும்.

மெதுவாகப் போவதற்கென்றே ஒரு மோட்டார்

இந்த மோட்டாரை ட்ரோலிங் மோட்டார் என்பார்கள். கடலடியை வாரிக்கொண்டு வரும் ட்ராலிங் எனும் இழுவலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தூண்டில் கயிற்றைப் பின்னால் விட்டுப் படகை நிதானமாக ஓட்டி மீன் பிடிப்பதுதான் ட்ரோலிங். அந்த நிதானத்துக்காகவே அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில் 1934-ல் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் இப்படியொரு மோட்டாரைச் செய்தார். மின்னசோட்டா, டகோட்டா என்ற இரு மாநிலப் பெயர்களையும் சேர்த்து 'மின் கோட்டா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மின்படகின் கதை அதைவிடப் பழையது. 1838-ல் மோரிட்ஸ் யாக்கோபி ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலங்களால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். 1881-ல் குஸ்தாவ் ட்ரூவே பாரிஸ் நகரத்து சேன் ஆற்றில், கழற்றி மாட்டக்கூடிய மோட்டாரைச் சுக்கானோடு பொருத்திப் படகு விட்டார். இன்று படகின் பின்பலகையில் தொங்கும் மோட்டாருக்கு அதுவே முன்னோடி.

நீண்ட தண்டு, அதன் அடியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார், அதில் ஒரு விசிறி, மேலே ஒரு கைப்பிடி. மொத்த அமைப்பே இவ்வளவுதான். தண்டை உயர்த்தியும் தாழ்த்தியும் கொள்ளலாம் என்பதால் இடுப்பளவு தண்ணீரிலும் ஓடும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அப்படிப்பட்ட ஆழந்தான். டீசல் எஞ்சினின் இரைச்சலும் எண்ணெய்ப் படலமும் இதில் இல்லை. பூநாரைகள் கூட்டமாக இரை தேடும் நீர்நிலைக்கு இது சின்ன விஷயமன்று.

மோட்டாரின் வலுவைக் குதிரைத்திறனில் சொல்வதில்லை. தள்ளுவிசையைப் பவுண்டு கணக்கில் சொல்வார்கள். 12 வோல்ட்டில் ஓடும் மோட்டார்களில் பெரியது வழக்கமாக 55 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை. முழு வேகத்தில் அது ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டை 50 ஆம்பியரால் பெருக்கினால் 600 வாட். ஒரு மிக்ஸியின் திறன் அது. மிக்ஸி ஐந்து நிமிடத்தில் சட்னி அரைத்து ஓய்ந்துவிடும். படகு மோட்டாருக்கோ மணிக்கணக்கில் மின்சாரம் வேண்டும்.

பாய்ச்சலும் உழைப்பும்

கார் பேட்டரியை எடுத்து மாட்டிவிடலாமே என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஓடவும் செய்யும். ஆனால் சில மாதங்களில் அந்தப் பேட்டரி கெட்டுப்போகும்.

கார் பேட்டரியின் வேலை எஞ்சினைக் கிளப்புவது. இரண்டு மூன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டால் அதன் கடமை முடிந்தது. பிறகு ஆல்டர்னேட்டர் அதை உடனே நிரப்பிவிடும். அந்தப் பாய்ச்சலுக்காக உள்ளே மெல்லிய பிளேட்டுகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். பிளேட் அதிகமானால் அமிலம் தொடும் பரப்பு அதிகம். பரப்பு அதிகமானால் மின்னோட்டம் அதிகம். அதே மெல்லிய பிளேட்டை ஒவ்வொரு நாளும் ஆழமாகக் காலி செய்து நிரப்பினால், அதன்மேல் பூசிய ஈயக் களிம்பு ஊதிச் சுருங்கி, உதிர்ந்து அடியில் படிந்துவிடும்.

மணிக்கணக்கில் உழைக்க வேண்டிய பேட்டரிக்குப் பிளேட் தடிமனாக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் இதைப் படகுக்கென்றே 'டீப் சைக்கிள்' என்று விற்கிறார்கள். நம் ஊர்க் கடையில் அந்தப் பெயரில் கேட்டால் கிடைப்பது கடினம். ஆனால் அதன் உறவுக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். மின்வெட்டுக்காக வாங்கி வைக்கும் இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி அப்படிப்பட்டது. அதன் நேர்மின் பிளேட்டில் ஈயக் களிம்பை வரிசையான சிறு குழாய்களுக்குள் அடைத்திருப்பதால் எளிதில் உதிராது. இ-ரிக்‌ஷா பேட்டரியும் ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்று செய்யப்பட்டதுதான்.

டியூபுலரின் குறை எடையும் அமிலமும். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். சிறு படகில் ஓர் ஆள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். படகு ஆடும்போது அமிலம் தளும்பி வெளியே வரலாம். உவர்நீர் உள்ளே புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்பிலுள்ள குளோரைடிலிருந்து நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஆகவே ஈயப் பேட்டரிதான் என்று முடிவு செய்தால் படகுக்கு ஏற்றது மூடி முத்திரையிட்ட, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏ.ஜி.எம். அல்லது ஜெல் வகை.

இப்போது பலர் நாடுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 100 ஆம்பியர்-மணி கொண்டது பன்னிரண்டு கிலோ அளவில் முடிந்துவிடும். ஒரே கையில் தூக்கிக் கரையேற்றலாம். விலை கூடுதல். ஆனால் ஈயப் பேட்டரி சில நூறு சுற்றுகளில் தளரும் இடத்தில் இது இரண்டாயிரம் சுற்றுகளைத் தாண்டி உழைக்கும்.

ஊற்று சுரக்கும் வேகம்

பேட்டரியின் மேல் '100 ஏ.ஹெச்.', அதாவது 100 ஆம்பியர்-மணி, என்று எழுதியிருக்கிறது. மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது. நூறை ஐம்பதால் வகுத்தால் இரண்டு. அப்படியானால் இரண்டு மணி நேரம் ஓடுமா? ஓடாது. ஏன் என்பதைச் சித்தூர்ச் சீமையில் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களிடம் விளக்கவே வேண்டாம்.

அங்கே கிணற்றில் மோட்டாரைப் போட்டு வேகமாக இறைத்தால் சிறிது நேரத்தில் அடி தெரியும். மோட்டாரை நிறுத்திக் காத்திருந்தால் ஊற்று சுரந்து மறுபடி நீர் ஏறும். அதே கிணற்றில் ஏற்றம் பூட்டி நிதானமாக இறைத்தால் விடிய விடியத் தண்ணீர் வரும். கிணற்றின் வளம் ஆழத்தில் மட்டும் இல்லை. ஊற்று சுரக்கும் வேகத்திலும் இருக்கிறது.

ஈயப் பேட்டரிக்குள் நடப்பதும் இதுவே. நேர்முனையில் ஈய டை-ஆக்சைடு, எதிர்முனையில் ஈயம், நடுவே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு பிளேட்டுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகித் தண்ணீராக நீர்த்துப்போகிறது. பிளேட் என்பது கெட்டித் தகடு இல்லை, பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. துளைக்குள் இருக்கும் அமிலம் தீர்ந்ததும் வெளியிலிருந்து புது அமிலம் ஊறி உள்ளே போக வேண்டும். நிதானமாக இழுத்தால் அது ஊறிக்கொண்டே இருக்கும். வேகமாக இழுத்தால் துளைகள் வறண்டு, வோல்டேஜ் சரிந்து, மோட்டார் நின்றுவிடும். பிளேட்டுகளுக்கு வெளியே இன்னும் நிறைய அமிலம் மிச்சமிருக்கும். அரை மணி சும்மா விட்டால் மோட்டார் மறுபடி கொஞ்சம் ஓடுவது இதனால்தான், ஊற்று சுரந்திருக்கிறது.

இந்த இழப்பை 1897-ல் ஒரு சூத்திரத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மன் விஞ்ஞானி பாய்க்கெர்ட். 100 ஏ.ஹெச். என்று அச்சிட்டிருப்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: 5 ஆம்பியர் வீதம் இழுத்தால் 20 மணி நேரம் வரும். சோலார் பேட்டரிகளில் இந்தக் கணக்கைப் பத்து மணி நேரத்துக்குச் சொல்வது வழக்கம். எனவே வாங்கும்போது அருகில் 'சி20' என்றிருக்கிறதா 'சி10' என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாய்க்கெர்ட் சூத்திரத்தில் ஈயப் பேட்டரிக்குப் பொதுவான 1.2 என்ற அடுக்கைப் போட்டால், 50 ஆம்பியர் வீதம் இழுக்கும்போது நமக்குக் கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம். 100 ஆம்பியர்-மணியில் கைக்கு வருவது 63 மட்டுமே. 15 ஆம்பியர் வீதம் இழுத்தால் 80 கிடைக்கும். லித்தியத்தில் இந்த இழப்பு மிகக் குறைவு.

அடிமண் வரை இறைத்தால் கிணறு தூர்ந்துபோகும் என்பதும் இங்கே பொருந்தும். ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் ஆயுள் பல மடங்கு கூடும். லித்தியத்தை எண்பது சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம்.

ஏரியில் ஒரு கணக்கு

ஐந்து மீட்டர் நீளப் படகு, இரண்டு பேர், 55 பவுண்டு மோட்டார், 100 ஏ.ஹெச். ஈயப் பேட்டரி ஒன்று. பாதிக்குமேல் இறைப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்வோம்.

முழு வேகத்தில் போனால் 63-இல் பாதியை 50 ஆம்பியரால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 38 நிமிடம். 15 ஆம்பியர் வேகத்தில் போனால் 80-இல் பாதி, வகுத்தல் 15. இரண்டு மணி நாற்பது நிமிடம்.

வேகம் எவ்வளவு குறையும்? இங்கேதான் தண்ணீர் நமக்கு ஒரு சலுகை தருகிறது. மெதுவாகப் போகும் படகுக்குத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டிப்பானால் திறன் எட்டு மடங்கு. திருப்பிப் பார்த்தால், திறனை முப்பது சதவீதமாகக் குறைத்தாலும் வேகம் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். நேரத்தையும் வேகத்தையும் பெருக்கினால், அதே பேட்டரி, அதே பாதி சார்ஜ், ஆனால் போகும் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரிய பேட்டரி வாங்குவதைவிட வேகத்தைக் கொஞ்சம் தணிப்பது மலிவான வழி.

இந்தக் கணக்கு காற்றில்லாத நாளுக்கு உரியது. கடலோர ஏரியில் பிற்பகலில் கடற்காற்று எழும். போகும்போதே காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள்ளும்படி வழியை வகுப்பது நல்லது. எடுக்கப்போகும் சார்ஜில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. துடுப்பும் ஊன்றுகோலும் எப்போதும் படகில் இருக்க வேண்டும். ஏரியின் பறவைச் சரணாலயப் பகுதியில் படகு விடுவதற்கு முன் வனத்துறையிடம் விதிகளைக் கேட்டறிவதும் பயண ஏற்பாட்டில் சேர்த்திதான்.

கம்பியும் காப்பும்

இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டு விதமாக இணைக்கலாம். நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் சேர்ப்பது பக்க இணைப்பு: வோல்ட் 12 ஆகவே இருக்கும், ஆம்பியர்-மணி இரட்டிப்பாகும். ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்ப்பது தொடர் இணைப்பு: வோல்ட் 24 ஆகும், ஆம்பியர்-மணி மாறாது. மொத்த ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. 12 வோல்ட் மோட்டாருக்குப் பக்க இணைப்பு, 24 வோல்ட் மோட்டாருக்குத் தொடர் இணைப்பு என்று மோட்டார்தான் தீர்மானிக்கும். 80 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்கள் 24 அல்லது 36 வோல்ட் கேட்பதற்குக் காரணம் உண்டு. அதே திறனை 24 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதி. கம்பி சூடாகி வீணாவது நாலில் ஒரு பங்கு.

பக்க இணைப்பில் மோட்டாருக்குப் போகும் சிவப்புக் கம்பியை ஒரு பேட்டரியிலிருந்தும் கறுப்புக் கம்பியை மற்றதிலிருந்தும் குறுக்காக எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். தொடரோ பக்கமோ, இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும். இளங்காளையையும் கிழமாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் இரண்டும் கெடும். தொடரில் நலிந்த பேட்டரி முதலில் தீர்ந்து, வலுத்தது தள்ளும் மின்னோட்டத்தால் தலைகீழாகச் சார்ஜ் ஏறிச் சேதமாகும். லித்தியத்தைத் தொடராக இணைப்பதற்கு முன், அதன் உள்ளிருக்கும் காப்புப் பலகையான பி.எம்.எஸ். அதற்கு இடம் கொடுக்கிறதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

கம்பியின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால். போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்று வைப்போம். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டால் 50 ஆம்பியரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 70 வாட் கம்பியில் வெப்பமாகும். கம்பியின் பிளாஸ்டிக் உறை இளகும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும் என்பதால் வெள்ளீயம் பூசிய கம்பி கிடைத்தால் மேல். முனையில் லக் வைத்து அழுத்தி, டெர்மினலில் வாஸ்லின் தடவ வேண்டும்.

பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே 60 ஆம்பியர் ஃபியூஸோ, நேர்மின்னோட்டத்துக்கான பிரேக்கரோ கட்டாயம் வேண்டும். விசிறியில் வலையோ பாசியோ சுற்றிக்கொண்டால் மோட்டார் சுழல முடியாமல் பெரும் மின்னோட்டம் இழுக்கும். அப்போது கம்பி எரியாமல் காப்பது இதுதான். வீட்டு எம்.சி.பி.யை இங்கே மாட்டுவது ஆபத்து. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரி மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி நீண்டுகொண்டே எரியும். டி.சி. என்று தெளிவாக எழுதியிருப்பதையே வாங்க வேண்டும்.

பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் கட்டி, படகின் நடுவில் தாழ்வாக இருத்த வேண்டும். ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பெட்டியில் காற்றுத்துளை வேண்டும். சார்ஜைத் திறந்த கொட்டகையில் போட வேண்டும். ஸ்பேனர் பிடிப்பதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். இரண்டு டெர்மினலையும் ஒரே உலோகம் தொட்டுவிட்டால் அது நொடியில் பழுத்துவிடும்.

கரையில்தான் சாகிறது

படகுப் பேட்டரிகளில் பெரும்பாலானவை தண்ணீரில் சாவதில்லை. கரையில், சார்ஜ் இல்லாமல் கிடந்து சாகின்றன. மின்சாரம் எடுக்கும்போது உண்டான ஈய சல்பேட் முதலில் நுண்படிகமாக இருக்கும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். சில நாள் விட்டால் படிகங்கள் பெருத்து இறுகும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அவை அசையாது. கிணற்றில் பாறை விழுந்ததுபோல அந்த அளவு கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். வந்த அன்றிரவே சார்ஜில் போடுவது ஒன்றே இதற்கு மருந்து. கடைசி இருபது சதவீதம் ஏற நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பாதியில் பிடுங்கக் கூடாது.

சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈயப் பேட்டரியில் 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 இருந்தால் பாதி, 11.9-க்குக் கீழே இறங்கினால் காலி. லித்தியத்தில் இந்தக் கணக்கு உதவாது. அதன் வோல்டேஜ் நெடுநேரம் அசையாமல் நின்று கடைசியில் சட்டென்று சரியும். போன ஆம்பியர்-மணியை எண்ணிச் சொல்லும் மீட்டர் வேண்டும். இரண்டுக்கும் சார்ஜரும் வேறு.

வெயிலை மறக்கக் கூடாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். திருப்பதி வெயிலில் பேட்டரிக்கு நிழல் தருவது அதற்குச் சோறு போடுவது மாதிரி. அதே வெயிலைப் பயனாக்கவும் வழி உண்டு. கொட்டகைக் கூரையில் 150 வாட் சோலார் பலகை ஒன்று இருந்தால், நம் கணக்கில் செலவான பாதிச் சார்ஜை நல்ல வெயில் நாள் ஒன்றில் திருப்பித் தந்துவிடும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது கேரளம். 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, வேம்பநாட்டு ஏரியில், 'ஆதித்யா' என்ற 75 பேர் அமரும் சோலார் படகு ஓடத் தொடங்கியது. கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. கூரையில் 20 கிலோவாட் சோலார் பலகைகள், உள்ளே 50 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி. மின்படகின் முன்னோடி ட்ரூவே பெயரால் வழங்கப்படும் உலக விருது 2020-ல் அதற்குக் கிடைத்தது. அதைக் கட்டியவர்கள் பேட்டரியை மட்டும் நம்பவில்லை. எடை குறைந்த, ஒல்லியான இரட்டை உடல் கொண்ட படகாக வடித்து முதலில் தேவையைக் குறைத்தார்கள். நாம் வேகத்தைத் தணித்துச் சேமித்ததை அவர்கள் படகின் வடிவத்திலேயே சேமித்தார்கள்.

எவ்வளவு பேணினாலும் ஒருநாள் பேட்டரி ஓயும். அதை ஏரிக்கரையில் வீசிவிடக் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அமிலம் மண்ணைப் பொசுக்கும். பழையதைக் கடையில் கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளலாம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. உள்ளே இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் உருக்கி மீண்டும் பிளேட்டாக வார்க்கத் தக்கது. முறையாகத் திரும்பிப் போகும் பேட்டரி, தான் வந்த வழியிலேயே ஏரியிலிருந்து மேற்கே பயணப்படும். நீரை அளந்து இறைக்கத் தெரிந்த கிணற்றுச் சீமையில் அது மறுபடி பிறக்கும்.